தானியங்குப் பணியோட்டங்களில் தரவை எப்படி வரையறுப்பது, எங்கே வைப்பது?

கேட்கப்பட்டது இது. ஒரு நிறுவனம் தன் கொள்முதல் ஒப்புதல் நடைமுறையைத் தானியக்கமாக்குகிறது. கோரிக்கை, மேலாளர் ஒப்புதல், நிதிப்பிரிவின் சரிபார்ப்பு, கொள்முதல் ஆணை, இன்வாய்ஸ், பணம் செலுத்துதல் என்று படிகள் எல்லாம் வரைபடமாகிவிட்டன. மூன்று ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. எந்தத் தரவைப் பணியோட்டத்தின் மாறிகளில் (ஓடும்போது மதிப்புகளைத் தாங்கும் பெயரிட்ட இடங்களில்) வைப்பது? அவற்றை எவ்வளவு நுணுக்கமாக வரையறுப்பது? கோரிக்கைகள் பாதி வழியில் ஓடிக்கொண்டிருக்கும்போது புலங்களை, அதாவது தனித்தனித் தரவுக் கூறுகளை, மாற்ற நேர்ந்தால் என்ன செய்வது?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பணியோட்டத்துக்குள் வரும் ஒவ்வொரு தரவுக்கும் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதப்பட்டிருக்க வேண்டும்: இதை மாற்றும் உரிமை யாருக்கு, இது எந்த நேரத்து உண்மை. இந்த இரண்டுக்கும் விடை தெரிந்த தரவை எங்கே வைப்பது என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும். விடை தெரியாத தரவை எந்த உயர்தர மென்பொருளில் வைத்தாலும் அது என்றாவது ஒருநாள் தவறான ஒப்புதலாகவோ இரட்டைக் கட்டணமாகவோ வெளிப்படும்.

படிகளை வரைந்த பிறகுதான் தரவைப் பற்றிய கேள்வி எழுகிறது என்பதற்கு வரைபட மொழியின் இயல்பே ஒரு காரணம். 2011 ஜனவரியில் வெளியாகி 2013-இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆன, பணியோட்டங்களை வரையும் குறியீட்டு மொழியான பிபிஎம்என் 2.0, பணிகளையும் கிளைகளையும் நிகழ்வுகளையும் மிக நுணுக்கமாக விவரிக்கிறது. தரவுக்கோ, ஓர் ஓட்டத்தோடு (ஒரே ஒரு கோரிக்கைக்காகத் தொடங்கி முடிவு வரை செல்லும் தனி நிகழ்வோடு) பிறந்து அதோடு முடியும் தரவுப்பொருள், ஓட்டம் முடிந்தும் நிலைத்திருக்கும் தரவுக் கிடங்கு என்ற இரண்டு முக்கியக் குறியீடுகளைத் தருகிறது. தரவின் உள்கட்டமைப்பை விவரிக்கத் தனக்கென்று ஒரு மொழியை அது வைத்திருக்கவில்லை, அந்த வேலையை, தரவின் கட்டமைப்பை எழுதும் எக்ஸ்எம்எல் ஸ்கீமா போன்ற வெளி மொழிகளிடம் விட்டுவிடுகிறது. ஆகவே ஒரு வரைபடம் இலக்கண சுத்தமாக, முழுமையாக இருக்கும்போதே, அதன் தரவு பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதாமல் இருந்திருக்கலாம். உங்கள் நிலை அதுதான் என்று கருதி மேலே செல்கிறேன்.

தரவை வகைப்படுத்த ஒரு பழைய பிரிவினை இன்றும் பயன் தருகிறது. ஒர்க்ஃப்ளோ மேனேஜ்மென்ட் கோயலிஷன் என்ற அமைப்பு 1995-இல் வெளியிட்ட அடிப்படை மாதிரி, பணியோட்டத் தரவை மூன்றாகப் பிரித்தது. எந்தப் படி நடக்கிறது, எது காத்திருக்கிறது என்று, பணியோட்டத்தை இயக்கும் மென்பொருளான என்ஜின் தனக்காக வைத்துக்கொள்ளும் கட்டுப்பாட்டுத் தரவு முதலாவது. எந்தக் கிளையில் செல்வது என்று முடிவெடுக்க என்ஜினுக்குத் தேவைப்படும் தொடர்புடைய தரவு இரண்டாவது. கணக்கியல் மென்பொருள், ஆவணக் களஞ்சியம் போன்றவற்றில் வாழும் பயன்பாட்டுத் தரவு மூன்றாவது. இதை என்ஜின் பார்க்கவே வேண்டியதில்லை. பிற்காலத்தில் ரசல், டெர் ஹாஃப்ஸ்டெட், எட்மண்ட், வான் டெர் ஆல்ஸ்ட் ஆகிய ஆய்வாளர்கள் பணியோட்டங்களில் தரவு நடந்துகொள்ளும் விதங்களை 40 வடிவங்களாகத் தொகுத்தார்கள். அந்தத் தொகுப்பைப் படிப்பது நல்லது என்றாலும், அன்றாட வடிவமைப்புக்கு 1995-இன் மூன்று பிரிவுகளே பெரும்பாலும் போதும் என்பது என் கருத்து.

இதிலிருந்து முதல் ஐயத்துக்கு விடை கிடைக்கிறது. பணியோட்ட மாறிகளில் மூன்று வகைத் தரவு இருந்தால் போதும்: எந்தக் கோரிக்கை என்று காட்டும் அடையாளங்கள், கிளைகளைத் தீர்மானிக்கும் மதிப்புகள், நடந்த முடிவுகளுக்குச் சான்றாக நிற்க வேண்டியவை. மற்ற அனைத்தும் அவற்றின் சொந்த இடத்தில் இருக்கட்டும். பணியோட்டம் அவற்றின் எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். ஐம்பது பக்க ஒப்பந்த வரைவைக் கோப்பாகவே மாறிக்குள் திணிப்பதும், வழங்குநரைப் பற்றிய முழுப் பதிவையும் ஜேசன் என்ற உரை வடிவில் அள்ளிக்கொண்டு வருவதும் தொடக்கத்தில் வசதியாகத் தெரியும். ஆனால் என்ஜின்கள் அதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. கமுண்டா 7 என்ற என்ஜினில் சாதாரண உரை மாறி 4000 எழுத்து அளவுள்ள தரவுத்தள நெடுவரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. அமேசானின் பணியோட்டச் சேவையான ஏடபிள்யூஎஸ் ஸ்டெப் ஃபங்ஷன்ஸ் ஒரு படியிலிருந்து அடுத்ததற்குக் கடத்தும் தரவின் உச்சவரம்பு 2020-இல்தான் 32 கிலோபைட்டிலிருந்து 256 கிலோபைட்டுக்கு உயர்ந்தது. டெம்போரல் என்ற இன்னோர் என்ஜின் ஓர் ஓட்டத்தின் வரலாற்றை 51,200 நிகழ்வுகள் அல்லது 50 மெகாபைட் என்ற எல்லையில் நிறுத்திவிடுகிறது. இத்தகைய வரம்புகள் சோதனைத் தரவில் ஒருபோதும் தட்டுப்படுவதில்லை. நூற்றுக்கணக்கான வரிகள் கொண்ட உண்மையான கோரிக்கை ஒன்று வரும் நாளில்தான் தட்டுப்படுகின்றன.

அளவைவிடப் பெரிய காரணம் வேறொன்று இருக்கிறது. பிரதி எடுத்த கணத்திலிருந்து பிரதி பழையதாகத் தொடங்குகிறது. வழங்குநரின் முகவரி, தொடர்பு எண், வங்கிக் கணக்கு ஆகியவை வழங்குநர் பதிவேட்டில் மாறும். மாறிக்குள் உறைந்த பிரதி மாறாது. ஓர் ஓட்டம் சில நிமிடங்களில் முடிவதாக இருந்தால் இது பொருட்டல்ல. கொள்முதல் போன்ற நடைமுறை வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் நீளும்.

அப்படியானால் எதையும் பிரதி எடுக்கவே கூடாதா என்றால், அதுவும் தவறு. இந்த இடத்தில்தான் பெரும்பாலான வடிவமைப்புகள் தடுமாறுகின்றன, ஆகவே சற்று நின்று பார்ப்போம். மேலாளர் ஒருவர் ஒரு கோரிக்கைக்கு ஒப்புதல் தருகிறார் என்றால், அந்தக் கணத்தில் திரையில் கண்ட பொருள்கள், அளவுகள், விலைகளுக்கே ஒப்புதல் தருகிறார். பணியோட்டம் கோரிக்கை எண்ணை மட்டும் வைத்திருந்து, ஒப்புதலுக்குப் பிறகு யாரோ அந்தக் கோரிக்கையில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டால், மேலாளர் பார்க்காத ஒன்றுக்கு அவருடைய ஒப்புதல் ஒட்டிக்கொள்கிறது. பதிவில் எல்லாம் முறையாகவே தெரியும். உண்மையில் கட்டுப்பாடு உடைந்திருக்கும். எனவே ஒருவருடைய தீர்ப்பு எதன் மேல் விழுந்ததோ அதை அந்தக் கணத்திலேயே உறையவைக்க வேண்டும். உறையவைப்பதற்கு முழுப் பிரதி தேவையில்லை. மூல அமைப்பு தன் பதிவுகளின் பதிப்புகளைப் பாதுகாக்கிறது என்றால், கோரிக்கை எண்ணோடு பதிப்பு எண்ணையும் சேர்த்து வைத்தால் போதும். பதிப்புகளைப் பாதுகாக்காத அமைப்பாக இருந்தால், ஒப்புதலுக்குக் காட்டப்பட்ட வடிவத்தை மாற்ற முடியாத ஆவணமாகச் சேமித்து, அதன் எண்ணை வைத்துக்கொள்ளலாம். கொள்முதல் ஆணை வெளியேறும் முன் நடப்புப் பதிப்பையும் ஒப்புதல் பெற்ற பதிப்பையும் ஒப்பிடும் ஒரு படி இருக்க வேண்டும். இரண்டும் வேறுபட்டால் கோரிக்கை மீண்டும் ஒப்புதலுக்குச் செல்ல வேண்டும்.

வழங்குநரின் வங்கிக் கணக்கு இதற்கு நேர் எதிரானது. அதைத் தொடக்கத்தில் பிரதி எடுத்து வைத்தால், பழைய கணக்குக்குப் பணம் போகும் வாய்ப்பு உண்டு. பணம் அனுப்பும் படியில்தான் அதைப் பதிவேட்டிலிருந்து புதிதாக எடுக்க வேண்டும். ஆனால் ஒப்புதலுக்கும் கட்டணத்துக்கும் இடையில் அந்தக் கணக்கு மாறியிருக்கிறது என்பதும் ஒரு முக்கியமான செய்தி. வழங்குநர் எழுதியதுபோல் போலி மின்னஞ்சல் அனுப்பி வங்கிக் கணக்கை மாற்றச் செய்வது உலகெங்கும் அறியப்பட்ட மோசடி முறை. ஆகவே, ஒப்புதல் நேரத்தில் கணக்குப் பதிவின் பதிப்பு எண்ணை மட்டும் குறித்துவைத்து, கட்டண நேரத்தில் அது வேறாக இருந்தால் மனிதச் சரிபார்ப்புக்கு அனுப்பும் கிளையை வைப்பது நன்று. இங்கே மதிப்பை நடப்பிலிருந்து எடுக்கிறோம். அது மாறியதா என்று அறிய மட்டுமே பழைய பதிப்பு எண்ணை வைத்திருக்கிறோம்.

நாணய மாற்று விகிதத்தில் இரண்டு நேரங்களும் தேவைப்படும். வெளிநாட்டு நாணயத்தில் உள்ள கோரிக்கை எந்த நிலை அதிகாரியிடம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் விகிதம், கோரிக்கை சமர்ப்பிக்கப்பட்ட நாளில் உறைய வேண்டும். இல்லையென்றால் ஒப்புதலுக்குக் காத்திருக்கும்போதே கோரிக்கை ஒரு வரம்பைக் கடந்து வேறொருவரின் அதிகாரத்துக்குள் போய்விடும். கட்டணத்துக்குரிய விகிதம் கட்டண நாளுடையது. இரண்டையும் "விகிதம்" என்ற ஒரே புலத்தில் வைத்தால் பின்னது முன்னதை அழித்துவிடும், முதல் முடிவு ஏன் அப்படி எடுக்கப்பட்டது என்பதற்குச் சான்று இல்லாமல் போகும். இரண்டு புலங்கள், ஒவ்வொன்றோடும் அதன் தேதியும் மூலமும்: இதற்குக் குறைவாக வைத்தால் போதாது.

ஒப்புதல் தருபவர் யார் என்பதிலும் இதே கவனம் வேண்டும். பணியை ஒதுக்கும் கணத்தில் அந்தப் பதவியில் இருப்பவரைத் தேடி எடுக்க வேண்டும். ஒப்புதல் முடிந்ததும் அதைச் செய்த நபர், அவர் எந்தப் பொறுப்பில் அல்லது யாருடைய பிரதிநிதியாகச் செய்தார், எப்போது செய்தார் ஆகியவை உறைய வேண்டும். பதவியை மட்டும் குறித்துவைத்தால், ஆறு மாதம் கழித்து அந்தப் பதவியில் வேறொருவர் அமர்ந்திருக்கும்போது பதிவு அவரைச் சுட்டும்.

இரண்டாவது ஐயமான வரையறை நுணுக்கத்துக்கு வருகிறேன். "தொகை" என்ற ஒரே மாறி பல வடிவமைப்புகளில் கோளாறுகளின் ஊற்றாக இருக்கிறது. கோருபவர் அதில் மதிப்பீட்டை எழுதுகிறார். மேலாளர் குறைத்து ஒப்புகிறார். ஆணையில் வரி சேர்கிறது. இன்வாய்ஸில் போக்குவரத்துச் செலவு சேர்கிறது. நான்கு படிகளும் ஒரே மாறியில் எழுதினால், எந்தக் கணத்தில் அதைப் படிக்கிறோமோ அதைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது. கோரிய தொகை, ஒப்புதல் பெற்ற தொகை, ஆணைத் தொகை, இன்வாய்ஸ் தொகை என்று பிரித்துவிட்டால் ஒவ்வொன்றையும் எழுதும் உரிமை ஒரே ஒரு படிக்கு மட்டும் கிடைக்கிறது, இன்வாய்ஸ் தொகை ஒப்புதல் பெற்ற தொகையைத் தாண்டுகிறதா என்ற கேள்வியைக் கேட்கவும் முடிகிறது. ஒரு புலத்தில் ஒரே ஒரு படிதான் எழுதலாம் என்பதை நான் மிக அரிதாகவே தளர்த்துவேன். இரண்டு படிகள் ஒரே புலத்தில் எழுத வேண்டியிருக்கிறது என்று யாராவது சொன்னால், அங்கே இரண்டு புலங்கள் ஒரே பெயரில் ஒளிந்திருக்கின்றன என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு புலத்துக்கும் எழுதிவைக்க வேண்டியவை அதிகம் இல்லை: பெயர், நடைமுறைக்குப் பொறுப்பானவர் ஒப்பும்படி ஒரு வாக்கியத்தில் பொருள், வகை, அலகு, எந்தப் படி எழுதுகிறது, எந்தப் படிகள் படிக்கின்றன, எப்போது காலியாக இருக்கலாம். இவற்றில் அலகும் காலியாக இருத்தலும்தான் அதிகம் விடுபடுகின்றன.

பணத்தை எடுத்துக்கொள்வோம். இரும எண்முறையில் பல தசம பின்னங்களைத் துல்லியமாகக் குறிக்க இயலாததால், மிதவைப் புள்ளி வகையில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். சரியாக வரம்பில் நிற்கும் தொகை ஒன்று இந்தச் சிறு பிழையால் மேல்நிலை ஒப்புதலுக்குப் போய்விடலாம். தசம வகையைப் பயன்படுத்துங்கள், அல்லது நாணயத்தின் சிற்றலகில் முழு எண்ணாக வையுங்கள். சிற்றலகு எல்லா நாணயத்துக்கும் நூறில் ஒன்று அல்ல. நாணயக் குறியீடுகளுக்கான ஐஎஸ்ஓ 4217 பட்டியலில் ஜப்பானிய யென்னுக்குத் தசம இடமே இல்லை, குவைத் தினாருக்கு மூன்று. எனவே நாணயக் குறியீடு இல்லாத தொகையை ஒரு முழுமையான தரவாகவே கருதக் கூடாது. ஆவண எண், கணக்கு எண் போன்றவை எண்களால் ஆனவையாக இருந்தாலும் அவற்றை உரையாகவே வைக்க வேண்டும். முன்னால் உள்ள சுழியங்கள் உதிர்வது ஒரு காரணம். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி 9007199254740992-ஐத் தாண்டிய முழு எண்களை எல்லாம் துல்லியமாக வைத்திருக்காது என்பது இன்னொன்று. ஜேசன் வழியாக இரண்டு அமைப்புகளைக் கடந்துவரும் நீண்ட எண் ஒன்றின் கடைசி இலக்கம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மாறிவிடும்.

நேரத்திலும் இரண்டு வகைகளைக் குழப்பக் கூடாது. ஒப்புதல் தரப்பட்ட கணம் உலகப் பொது நேரத்தில், தேதியையும் நேரத்தையும் எழுதும் தரமான ஐஎஸ்ஓ 8601 வடிவில் பதியப்பட வேண்டிய ஒரு புள்ளி. இன்வாய்ஸ் தேதி ஒரு நாட்காட்டித் தேதி; அதற்கு நேர வலயம் கிடையாது. அதை நள்ளிரவு நேரத்தோடு ஒரு புள்ளியாக மாற்றிச் சேமித்தால், வேறு வலயத்தில் இருப்பவருக்கு அது முந்தைய நாளாகத் தெரியக்கூடும். மூன்று வேலைநாள் கெடு போன்றவற்றை, விடுமுறைப் பட்டியலைக் கொண்டு ஒருமுறை கணக்கிட்டு, கிடைத்த கணத்தையே புலமாக வைத்துக்கொள்வது நல்லது; படிக்கும்போதெல்லாம் புதிதாகக் கணக்கிட்டால், விடுமுறைப் பட்டியல் திருத்தப்படும் நாளில் பழைய கெடுக்களும் நகரும்.

காலியான புலத்துக்கு மூன்று பொருள்கள் இருக்கலாம்: இன்னும் யாரும் நிரப்பவில்லை, நிரப்ப வேண்டிய தேவை இல்லை, கேட்டும் கிடைக்கவில்லை. மூன்றையும் ஒரே வெறுமையாக வைத்தால் கிளை நிபந்தனைகள் தடுமாறும். ஒரு கிளை "தொகை வரம்புக்குள்" என்றும் மற்றது "தொகை வரம்புக்கு மேல்" என்றும் எழுதப்பட்டிருந்தால், தொகை காலியாக இருக்கும்போது இரண்டுமே உண்மையாகாது. பல வழிகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் பிபிஎம்என் விலக்குக் கிளையில், எதுவும் பொருந்தாதபோது செல்லும் இயல்புக் கிளை வைக்கப்படாமல் எந்த நிபந்தனையும் உண்மையாகாவிட்டால் ஓட்டம் பிழையில் நின்றுவிடும். அப்படி நின்றுபோவது உண்மையில் நல்ல விளைவு, ஏனென்றால் யாராவது கவனிப்பார்கள். இயல்புக் கிளையை ஒப்புதல் பக்கமாக வைத்திருந்தால் காலியான தொகை சத்தமில்லாமல் ஒப்புதல் பெற்றுவிடும். இயல்புக் கிளை எப்போதும் ஒரு மனிதர் பார்க்கும் இடத்துக்குத்தான் செல்ல வேண்டும்.

இணையாக நடக்கும் படிகளில் உரிமைக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. மூன்று தொழில்நுட்ப மதிப்பீட்டாளர்கள் ஒரே நேரத்தில் மதிப்பிடுகிறார்கள், மூவரும் "மதிப்பீட்டு முடிவு" என்ற ஒரே மாறியில் எழுதுகிறார்கள் என்றால், கடைசியாக எழுதியவரின் முடிவே எஞ்சும்; மறுப்புத் தெரிவித்த ஒருவரின் கருத்து தடயமின்றி அழியும். ஒவ்வொரு மதிப்பீடும் தன் சொந்த எல்லைக்குள் உள்ள மாறியில் எழுதி, முடிந்ததும் ஒரு தொகுப்பில் தனி உறுப்பாகச் சேர வேண்டும். பல என்ஜின்களில் உள்ளீடு, வெளியீடு இணைப்புகளை வெளிப்படையாக எழுதும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாவிட்டால், துணைப்பணி திருப்பித்தரும் எல்லா மதிப்புகளும் மேல்நிலைக்குக் கசியலாம், தற்செயலாக ஒரே பெயர் கொண்ட வேறொரு மாறியை அழிக்கலாம்.

மனிதர்கள் நிரப்பும் படிவங்களில் இதே ஆபத்து மெதுவான வடிவில் இருக்கிறது. ஒருவர் காலையில் படிவத்தைத் திறந்து மாலையில் சமர்ப்பிக்கிறார். படிவம் தனக்குக் காட்டப்பட்ட எல்லாப் புலங்களையும் திருப்பி அனுப்பினால், இடையில் வேறொரு கிளை புதுப்பித்த மதிப்பு காலை நேரத்து மதிப்பால் மீண்டும் மூடப்படும். என்ஜின் தன் தரவுத்தள வரிகளில் வைத்திருக்கும் பதிப்புச் சோதனை ஒரே கணத்தில் மோதும் இரண்டு எழுதும் முயற்சிகளைத்தான் தடுக்கும். மணிக்கணக்கில் கையில் இருந்த பழைய மதிப்பைத் தடுக்காது. படிவம் தான் எழுதும் உரிமை பெற்ற புலங்களை மட்டும் திருப்பி அனுப்ப வேண்டும்.

வெளி அமைப்புகளோடு பேசும் இடங்களில் மூன்று புலங்களைத் தவறாமல் சேர்க்கச் சொல்வேன். முதலாவது வணிக அடையாளம்: கோரிக்கை எண். என்ஜின் தரும் ஓட்ட எண்ணை இதற்குப் பதிலாகப் பயன்படுத்தக் கூடாது, ஏனென்றால் ரத்தாகி மீண்டும் தொடங்கிய ஒரே கோரிக்கைக்கு இரண்டு ஓட்டங்கள் இருக்கும். வெளியிலிருந்து வரும் இன்வாய்ஸ் எந்த ஓட்டத்தைச் சேர வேண்டும் என்று பொருத்துவதும் இத்தகைய வணிக அடையாளத்தைக் கொண்டுதான். இரண்டாவது, மீள்முயற்சிச் சாவி. கட்டண ஏபிஐயை, அதாவது பணம் அனுப்பும் சேவையின் நிரல் இடைமுகத்தை, அழைத்த பின் வலையிணைப்பு அறுந்தால், பணம் போனதா இல்லையா என்று பணியோட்டத்துக்குத் தெரியாது, மீண்டும் முயலும். முதல் அழைப்புக்கு முன்பே ஒரு சாவியை உருவாக்கிச் சேமித்து, எல்லா முயற்சிகளிலும் அதே சாவியை அனுப்பினால்தான், அத்தகைய சாவியை ஏற்கும் எதிர்முனை இரண்டாவது அழைப்பைப் புதிய கட்டணமாகக் கொள்ளாது. சாவியை ஒவ்வொரு முயற்சியிலும் புதிதாக உருவாக்கினால் அது இருந்தும் பயனில்லை. மூன்றாவது, மீட்புத் தரவு. நீண்ட பரிவர்த்தனையைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஈடுசெய்யும் படியை வைக்கும் சாகா என்ற கருத்தை கார்சியா-மோலினா, கென்னத் சேலம் என்ற ஆய்வாளர்கள் 1987-இல் முன்வைத்தார்கள். ஈடுசெய்ய வேண்டிய நாளில், எந்த ஒதுக்கீட்டை விடுவிப்பது, எந்தக் கட்டணத்தைத் திரும்பப் பெறுவது என்று சொல்லும் எண்கள் கையில் இருக்க வேண்டும். அவற்றை முன்னோக்கிச் செல்லும் படிதான் சேமித்துவைக்க முடியும்.

வரம்புகள், விதிகள் ஆகியவற்றை வரைபடத்தின் கிளை நிபந்தனைகளுக்குள் எண்களாக எழுதிவிடாமல், எந்த நிபந்தனைக்கு எந்த விடை என்று பட்டியலிடும் தனி முடிவு அட்டவணையில் வைப்பது நல்லது. 2015-இல் முதல் பதிப்பு வெளியான, முடிவு விதிகளை எழுதுவதற்கான டிஎம்என் தரம் இதற்காகவே அமைந்தது. ஒவ்வொரு முடிவிலும் உள்ளீடுகள், விதியின் பதிப்பு, கிடைத்த விடை மூன்றையும் சேர்த்துப் பதியுங்கள். விடை மட்டும் இருந்தால், தணிக்கையாளர் ஓராண்டு கழித்துக் கேட்கும்போது இன்றைய விதியை வைத்துப் பழைய முடிவை விளக்க முயல்வீர்கள், அது பொருந்தாது.

மூன்றாவது ஐயம், ஓடிக்கொண்டிருப்பவற்றின் புலங்களை மாற்றுவது. கட்டாயமில்லாத புலம் ஒன்றைப் புதிதாகச் சேர்ப்பது பெரும்பாலும் பாதுகாப்பானது. பெயர் மாற்றம் என்பது ஒன்றை நீக்கி வேறொன்றைச் சேர்ப்பதே. பெயரை அப்படியே வைத்துப் பொருளை மாற்றுவதுதான் மிகக் கெட்டது: வரி நீங்கலாக இருந்த தொகையை வரி உட்பட என்று ஆக்கினால் எந்தச் சோதனையும் அதைக் கண்டுபிடிக்காது. பொருள் மாறினால் பெயரும் மாற வேண்டும்.

பல என்ஜின்கள், தொடங்கிய ஓட்டங்களை அவை தொடங்கிய வரைபடப் பதிப்பிலேயே முடிக்கவிடுகின்றன. இது நல்ல ஏற்பாடுதான், ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. வரைபடம் பழைய பதிப்பாக இருக்க, அது அழைக்கும் துணைச் செயல்முறை, முடிவு அட்டவணை, படிவம், வெளிச் சேவை ஆகியவை நடப்புப் பதிப்பாக இருக்கலாம். கமுண்டா 7-இல் அழைக்கப்படும் செயல்முறைக்கும் முடிவு அட்டவணைக்கும் முன்னிருப்பே கடைசிப் பதிப்புதான். பழைய தரவு புதிய விதியைச் சந்திக்கும் இடம் அது. ஆகவே மாற்றத்தை இரண்டு கட்டங்களாகச் செய்யுங்கள். முதல் கட்டத்தில் படிக்கும் படிகள் பழைய வடிவம், புதிய வடிவம் இரண்டையும் புரிந்துகொள்ளும்படி செய்து, எழுதும் படி புதிய வடிவத்தில் எழுதட்டும். பழைய வடிவத்தோடு எந்த ஓட்டமும் உயிரோடு இல்லை என்று எண்ணிப் பார்த்து உறுதிசெய்த பிறகே பழைய வடிவத்தை நீக்குங்கள். ஒவ்வொரு ஓட்டத்தின் தரவிலும் அதன் ஸ்கீமாவின் (தரவுக் கட்டமைப்பின்) பதிப்பு எண்ணை வைத்திருந்தால் இந்த எண்ணிக்கை எளிது. நிரல்மொழியின் பொருள்களை அப்படியே தொடராக்கம் செய்து, அதாவது சேமிக்கத்தக்க வடிவுக்கு மாற்றி, மாறிகளில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நிரலில் அந்தப் பொருளின் வரையறை மாறினால் பழைய ஓட்டங்களின் தரவைத் திறக்கவே முடியாமல் போகலாம்.

தனிப்பட்ட தரவு பற்றியும் சொல்ல வேண்டும். வரலாற்றை முழு அளவில் பதியும்படி அமைத்த என்ஜினில், ஒரு மாறியின் மதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் பழைய மதிப்பும் வரலாற்று அட்டவணையில் தங்கும். அதே மதிப்பு பதிவுக் கோப்புகளிலும் பிழைச் செய்திகளிலும் பரவும். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், தேவைக்கு மேல் தரவு சேர்ப்பதையும் தேவையான காலத்துக்கு மேல் வைத்திருப்பதையும் கட்டுப்படுத்துகிறது, வரையறுத்த சூழல்களில் அழிக்கக் கோரும் உரிமையையும் தருகிறது. ஒருவருடைய விவரம் ஒரே இடத்தில் இருந்து, பணியோட்டம் எண்ணை மட்டும் வைத்திருந்தால் அழிப்பு ஓர் இடத்தில் முடியும். சான்றாக ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டிய ஒப்புதல் பதிவையும், ஓட்டம் முடிந்ததும் தேவையற்றுப்போகும் வேலைத் தரவையும் தொடக்கத்திலேயே தனித்தனி மாறிகளாகப் பிரித்துவிட்டால், இரண்டுக்கும் வெவ்வேறு ஆயுளைக் கொடுக்க முடியும். சிலவற்றை எந்த வடிவிலும் வைக்கவே கூடாது: அட்டைக் கட்டணங்களுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரம், பரிவர்த்தனை அங்கீகாரம் முடிந்த பிறகு அட்டைச் சரிபார்ப்பு எண்ணை வணிகர் சேமிப்பதைத் தடை செய்கிறது.

உங்கள் வரைபடம் ஏற்கெனவே இருப்பதால், தரவு வரையறையைத் தொடக்கப் படிவத்திலிருந்து எழுதத் தொடங்க வேண்டாம். அப்படித் தொடங்கினால் கேட்கக்கூடிய எல்லாவற்றையும் கேட்கும் நீண்ட படிவம்தான் கிடைக்கும். ஒவ்வொரு கிளைப் புள்ளியிலிருந்தும் பின்னோக்கி நடங்கள். இந்தக் கிளை எந்தப் புலத்தைப் படிக்கிறது, அதை எந்தப் படி எழுதியது, அந்தப் படி எங்கிருந்து எடுத்தது, அந்த இடத்தில் அது யாருடைய பொறுப்பு, எந்த நேரத்து மதிப்பு என்று கேட்டுக்கொண்டே போனால், தேவையான புலங்கள் மட்டுமே பட்டியலில் சேரும். பிறகு வெளி அமைப்புகளை அழைக்கும் ஒவ்வொரு படியிலிருந்தும் இதேபோல் பின்னோக்கி நடங்கள். யாருமே படிக்காத புலம் தென்பட்டால், சான்றுக்காகத் தேவையா என்று கேட்டு, இல்லையென்றால் நீக்குங்கள். யாருமே எழுதாத புலத்தைப் படிக்கும் கிளை தென்பட்டால், நடைமுறையில் இதுவரை யாரோ ஒருவர் தொலைபேசியில் கேட்டு முடிவெடுத்துவந்திருக்கிறார் என்று பொருள். அவரைக் கண்டுபிடித்து, அவர் எதைக் கேட்கிறார், யாரிடம் கேட்கிறார் என்பதை எழுதி வாங்குங்கள். அந்தப் புலத்துக்குப் பொறுப்பாளர் முடிவாகும்வரை அந்தக் கிளையை மட்டும் மனிதர் செய்யும் பணியாகவே விட்டுவைத்து, மற்றவற்றைத் தானியக்கமாக்கி வெளியிடலாம்.